மயில்துத்தம் சேர்க்காத பசை

அந்த நோட்டை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். முதலிலேயே இதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் எல்லாப் பழியையும் ஒரே ஆள் தலையில் கட்டிவிட்டேன் என்று யாராவது சொல்வார்கள். கட்டத்தான் போகிறேன். ஆனால் நோட்டைக் கொடுத்தது நான். அம்மா வேண்டாம் என்று சொன்ன பிறகும் கொடுத்தேன்.

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பட்டா, ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ் என்று ஊர்க்காரர்களின் தலையெழுத்தெல்லாம் என் கண்ணாடி மேல் ஒரு நிமிடம் கவிழ்ந்து கிடந்துவிட்டுப் போகும். அந்தக் கடை அம்மாவின் கைகளால் வந்தது. அம்மா தீப்பெட்டி ஆபீசில் லேபில் ஒட்டினவள். எங்கள் பக்கம் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம். பேருக்குத்தான் ஆபீஸ். உள்ளே போனால் மருந்து வாடை, மெழுகு வாடை, தரையில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்கள், அவ்வளவுதான். அந்தத் தரையில் இருபத்தெட்டு வருடம் உட்கார்ந்து எழுந்தவள் அம்மா. இன்றைக்கும் அவள் வலதுகைக் கட்டைவிரல் சும்மா இருக்கும்போது எதையோ நீவிக்கொண்டே இருக்கும்.

நோட்டு என்றேனே, அது கெட்டி அட்டை போட்ட நீள நோட்டு. அதில் அச்சில் தப்பிப்போன லேபில்களை அம்மா ஒட்டி வைத்திருந்தாள். கிளியின் மூக்கில் விழவேண்டிய சிவப்பு ஒரு விரல்கடை தள்ளி ஆகாயத்தில் விழுந்திருக்கும். ஒரு மானுக்கு இரண்டு வால் இருக்கும். ஒரு கடிகாரத்தில் எண்கள் எல்லாம் இருக்கும், முள் மட்டும் இருக்காது. இந்த மாதிரிக் கழிவு லேபில்களை ஒரு கூடையில் போடுவார்கள். மறுநாள் காலையில் பசை காய்ச்சும் அடுப்பில் அந்தக் கூடையைக் கவிழ்த்துவிடுவார்கள். அடுப்புக்குப் போகவேண்டியதில் நூற்றுச் சொச்சம் அம்மாவின் நோட்டுக்கு வந்திருந்தது.

ஒட்டினது ஆபீஸ் பசையால்தான். மைதாவைக் காய்ச்சும்போது மயில்துத்தம் கொஞ்சம் பொடித்துப் போடுவார்கள். பார்க்க நீலக் கற்கண்டு மாதிரி இருக்கும், ஆனால் விஷம். அது இல்லாத வெறும் மைதாப் பசை என்றால் கரப்பானுக்கும் புத்தகப் பூச்சிக்கும் விருந்துச் சாப்பாடு. பசையைத் தின்ன வந்து தாளையும் சேர்த்துத் தின்றுவிட்டுப் போகும். அம்மாவின் நோட்டில் இத்தனை வருடத்தில் ஒரு பூச்சி வாய் வைத்ததில்லை. இந்தத் துத்தக் கதையை மறந்துவிடாதீர்கள், பின்னால் வேலை இருக்கிறது.

அம்மா வேலை பார்த்த ஆபீஸ் மூடி வெகுகாலம் ஆயிற்று. முதலாளி விற்றுவிட்டார். வாங்கினவர் அதை இடித்துவிட்டு வரிசையாகக் கடைகள் கட்டப்போவதாகப் பேச்சு வந்தபோது, ஊரின் பாரம்பரியத்தைக் காப்பாற்ற ஒரு குழு கிளம்பியது. அதற்குத் தலைவர் யார் தெரியுமா? விற்ற முதலாளியின் மகன். முப்பது வருடம் சென்னையில் இருந்துவிட்டு, வெள்ளை வேட்டியும் மடிப்புக் கலையாத தோள்துண்டுமாக ஊர் திரும்பியிருந்தார். அப்பா விற்றதை மகன் காப்பாற்ற வந்ததில் இருந்த வேடிக்கை அன்று எனக்கு உறைக்கவில்லை. மேடையில் அவர் கரிசல் மண், உழைப்பு, வேர்வை என்று பேசியதைக் கேட்டுக் கண் கலங்கினவள் நான். அந்தக் கண்ணை நானே குத்திக்கொள்ளலாம் போலிருக்கிறது இப்போது.

மனுக்களைக் காசு வாங்காமல் அடித்துக் கொடுத்தேன். கடையைப் பாதி நாள் பூட்டிவிட்டுக் கையெழுத்து வாங்க அலைந்தேன். பழைய தொழிலாளிகளின் கையெழுத்து இருந்தால் பலம் என்று தலைவர் சொன்னதால் இடைசெவலுக்கு டவுன் பஸ் ஏறினேன். அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து லேபில் ஒட்டின ஓர் அத்தை அங்கே இருந்தாள். சொந்த அத்தை இல்லை, கூப்பிட்டுப் பழகிவிட்டது. உளுந்து புடைத்துக்கொண்டிருந்தவள் சுளகைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"எந்த எடத்தக் காப்பாத்தப் போறிய?"

"ஆபீச அத்தை. அந்தப் பெரிய வாசலு, லேபில் ஒட்டுத ரூமு, அதையாவது இடிக்காம விடணும்னு கேக்குதோம்."

"அந்த வாசலையா?" சுளகு நின்றுவிட்டது. "ஏட்டி, ஒங்கம்மாள அந்த வாசல்ல வெச்சு என்ன செஞ்சாவன்னு தெரியாதா ஒனக்கு?"

தெரியாது. அத்தைதான் சொன்னாள். வேலை முடிந்து போகும் பெண்கள் வாசலில் நின்று முந்தியை உதறிக் காட்டிவிட்டுத்தான் வெளியே போக வேண்டும். குச்சியோ மெழுகோ முடிந்துகொண்டு போகிறார்களா என்று பார்ப்பதற்காக. ஒருநாள் அம்மா உதறியபோது நான்கு லேபில்கள் விழுந்தன. நான்கும் கழிவுக் கூடையில் கிடந்தவை. அன்றைக்கு முதலாளியே வாசலில் நின்றிருக்கிறார். அத்தனை பெண்களையும் நிறுத்தி வைத்து, களவாணிச் சிறுக்கி என்று சொல்லி, நான்கையும் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, திரும்ப உள்ளே நடந்துபோய்க் கூடையில் போட்டுவிட்டு வரச் சொன்னாராம். அடுப்புக்குப் போகிற குப்பையை! அம்மா நான்கு முறை போய் நான்கு முறை வந்தாளாம்.

"அதுக்குப் பெறவும் விட்டாளாட்டி? கொசுவத்துக்கு உள்ளாற, இடுப்போட வெச்சுல்லா கொண்டாருவா. முந்திய உதறுனா என்ன விழும்? படம்னா அவளுக்கு அப்பிடி ஒரு கிறுக்கு" என்றாள் அத்தை. கையெழுத்துப் போடவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

அன்றைக்கே நான் விலகியிருக்க வேண்டும். விலகாமல், அந்தக் கதையையும் வாசலிலேயே எழுதி வைக்கச் செய்தால் அதுதான் சரியான பதிலடி என்று கணக்குப் போட்டேன். நாங்கள் கேட்டது கிடைத்தது. வாங்கினவர் இறங்கி வந்து, வாசலையும் லேபில் அறையையும் விட்டுவிட்டுப் பின்பக்கம் கட்டிக்கொள்ள ஒத்துக்கொண்டார். அறையில் கண்காட்சி வைக்கலாம் என்று தலைவர் சொன்னதும் அம்மாவின் நோட்டு ஞாபகம் வந்தது. அம்மா, "வேண்டாம்ட்டி, அவிய கைல போனது திரும்பாது" என்றாள். நான்தான் பெரிய இவள் மாதிரி, காலம் மாறிவிட்டது என்று அவளுக்குப் பாடம் எடுத்தேன். கொடுக்கும் முன்னால் குழுவின் கோப்புக்காக எல்லாப் பக்கத்தையும் கலரில் நகல் எடுக்கச் சொன்னார் தலைவர். எடுத்தேன். கம்ப்யூட்டரில் அது அப்படியே கிடந்தது.

திறப்பு விழாவுக்கு அம்மாவைக் கூட்டிப்போனேன். கண்ணில் புரை விழுந்திருந்தது. ஆனாலும் புதுச்சேலை கட்டி, பூ வைத்துக்கொண்டு வந்தாள். வாசலைத் தாண்டும்போது ஒரு நொடி நின்றாள். அவள் கை தானாக முந்திக்குப் போனதை நான் பார்த்தேன்.

உள்ளே நோட்டு இல்லை. பிளேடு வைத்து ஒவ்வொரு லேபிலாக நறுக்கி, செல்லோடேப் போட்டு, கண்ணாடிச் சட்டங்களில் அடுக்கியிருந்தார்கள். மேலே பித்தளைப் பலகை. அரிய லேபில்களைத் தேடித்தேடிச் சேகரித்த கலை உள்ளம் என்று தலைவருடைய அப்பாவின் பெயர், பட்டத்தோடு. கீழே, அன்பளிப்பு, குடும்பத்தார். எந்த முதலாளியாவது தன் ஆபீசின் அச்சுத் தப்புகளைத் தேடித்தேடிச் சேகரிப்பானா? அங்கே நின்ற பெரிய மனிதர்களில் ஒருவருக்குக்கூட இந்தக் கேள்வி தோன்றவில்லை.

"என்னட்டி எழுதிருக்கு?" என்றாள் அம்மா, பலகையை அண்ணாந்து பார்த்து.

"ஒம் பேருதாம்மா" என்றேன்.

"சரி" என்றாள்.

நான் வாழ்க்கையில் சொன்ன பொய்களில் அந்த ஒன்றைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. சொல்ல வைத்தவரையும் மன்னிக்கவில்லை.

மறுநாள் தலைவரின் வீட்டுக்குப் போனேன். உட்காரச் சொன்னார், காபி வந்தது. "பலகைல தப்பா எழுதியிருக்கு அண்ணாச்சி, நோட்டு எங்கம்மாவுது" என்றேன்.

சிரித்தார். "நோட்டு உங்கம்மாவோடதா இருக்கலாம்மா. லேபில் எங்க ஆபீசோடதுதானே? அது எப்படி வெளியே வந்துச்சுன்னு நான் கேட்டேனா? கேட்டா நல்லாவா இருக்கும்?"

அப்பன் வாசலில் நின்று கத்திச் சொன்ன அதே சொல்லை மகன் காபி கொடுத்துச் சொன்னார். காபியைக் குடித்து முடித்தேன். டம்ளரைக் கழுவிக்கூட வைத்தேன் என்று நினைக்கிறேன். வெளியே வந்து வெயிலில் நின்றபோது ஒன்றை மட்டும் முடிவு செய்தேன். குழுவைவிட்டுப் போகக் கூடாது. கூடவே இருந்து இதற்கு ஒரு வழி பண்ண வேண்டும்.

ஒரு வருடம் கறுவிக்கொண்டு இருந்தேன். கூட்டங்களில் தேநீர் ஊற்றிக் கொடுத்தேன். தலைவர் பேசும்போது முதல் ஆளாகக் கை தட்டினேன். அம்மா நோட்டைப் பற்றி ஒருமுறைகூடக் கேட்கவில்லை. அது இன்னும் மோசம். கேட்டிருந்தால் இன்னொரு பொய்யாவது சொல்லியிருப்பேன்.

வழியை அவரே கொண்டுவந்து கையில் கொடுத்தார். சட்டத்துக்குள் செல்லோடேப் மஞ்சளாகிப் பல் இளித்தது. ஆண்டு விழாவுக்குள் எல்லா லேபிலையும் எடுத்து, பழைய முறைப்படி மைதாப் பசையிலேயே அட்டையில் ஒட்டி, சட்டத்தைப் புதுசாக்க வேண்டும் என்றார். பாரம்பரியமாம். செய்யத் தெரிந்தவர் யார் என்று கேட்டபோது, "நான் செய்யுதேன் அண்ணாச்சி, அம்மா சொல்லிக் குடுத்திருக்கா" என்றேன். தேவையான சாமான்களை எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். மைதா, அகல வாய்ச் சட்டி, தூரிகை, அட்டை, மயில்துத்தம். மனசாட்சியோடுதான் எழுதினேன், அதில் குறையே இல்லை.

அவர் சிவப்புப் பேனாவை எடுத்து மயில்துத்தத்தை மட்டும் அடித்தார். "இது விஷம்மா. சின்னப் பிள்ளைங்க வர்ற இடம். எங்க ஆபீஸ்ல இதெல்லாம் போட்டதே இல்ல" என்றார். தீப்பெட்டி ஆபீஸ் முதலாளியின் மகன்! பசைச் சட்டிக்குப் பக்கத்தில் ஒரு நாள் உட்கார்ந்திருந்தால் அந்த வார்த்தை வாயில் வருமா? எதிர்த்துப் பேசலாம் என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு, "சரி அண்ணாச்சி, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றேன். அந்தச் சீட்டை மடித்துப் பத்திரப்படுத்தினேன். இன்னும் என்னிடம் இருக்கிறது.

லேபில்கள் அறையைவிட்டு வெளியே போகக் கூடாது என்று ஒரு விதியும் போட்டார். வாசலில் காவலாளி, போகும்போது பையைத் திறந்து காட்டிவிட்டுப் போக வேண்டும். அப்பன் புத்தி எங்கே போகும்? கடையில் மெல்லிய தாள் வாங்கி வைத்துக் கம்ப்யூட்டரில் கிடந்ததை எல்லாம் கலரில் அடித்தேன். அளவு பிசகாமல் நறுக்கினேன். ஆகாயத்தில் விழுந்த கிளி மூக்கு அப்படியே விழுந்தது, இரண்டு வாலும் அப்படியே இருந்தன.

நான் கடைக்குச் சுடிதார்தான் போடுவேன். வேலை தொடங்கின அன்று சேலை கட்டினேன். "என்னட்டி, விசேஷ வீடா?" என்றாள் அம்மா. "ஆமா" என்றேன்.

மூன்று நாள், மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் போய்ப் பொழுது சாய்வதற்குள் முடித்தேன். தரையில் உட்கார்ந்தேன், அம்மா உட்கார்ந்த தரை. வெறும் மைதாவைக் காய்ச்சினேன். நகல்களைக் கட்டைவிரலால் நீவி நீவி அட்டையில் ஒட்டினேன். அம்மாவின் லேபில்கள் ஒவ்வொன்றின் முதுகிலும் நோட்டுத் தாளின் கோடுகள் இருந்தன, அதில் துத்தத்தின் வெளிர்நீலக் கறையும். அவற்றை ஒரு துணியில் அடுக்கிச் சுற்றி, கொசுவத்துக்கு உள்ளே இடுப்போடு வைத்துச் சொருகிக்கொண்டேன். நடுவில் ஒருமுறை தலைவர் வந்து எட்டிப் பார்த்தார். காய்ந்துகொண்டிருந்த நகலைக் கையில் எடுத்துத் தடவி, "பாத்தியாம்மா, அந்தக் காலத்து அச்சு அச்சுதான்" என்றார். எனக்குச் சிரிப்பை அடக்குவதற்குள் உயிர் போய்விட்டது.

மூன்று சாயங்காலமும் அந்த வாசலில் நின்றேன். காவலாளி பையைத் திறந்து பார்த்தார். டிபன் பாக்ஸும் கண்ணாடிக் கூடும் இருந்தன. மூன்றாம் நாள் நானாகவே முந்தியை எடுத்து அவர் முன்னால் நன்றாக உதறினேன். "எதுக்கும்மா இதெல்லாம்?" என்று கூச்சப்பட்டார். தூசி என்றேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் துணியை அவிழ்த்து அம்மாவின் மடியில் வைத்தேன். கண் தெரியாவிட்டால் என்ன, விரலுக்குத் தெரியாதா. தடவிப் பார்த்து, ஒன்றைத் திருப்பி மோந்தும் பார்த்தாள்.

"எப்பிடி வெளிய கொண்டாந்த?"

அவள் கையைப் பிடித்து என் இடுப்பில் வைத்தேன். அம்மா சத்தமாகச் சிரித்தாள். சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது.

"பலகைல ஒம் பேரு இல்லம்மா. அன்னைக்கு நான் பொய் சொன்னேன்" என்றேன்.

"தெரியும். எம் பேரு அம்புட்டு நீளமாவா இருக்கும்?"

எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்க, "ஒனக்குப் பிடிச்ச படமெல்லாம் திரும்ப வந்துட்டுல்லா" என்றேன்.

"படமா?" அம்மாவின் சிரிப்பு நின்றது. "படத்துக்காவாட்டி எடுத்தேன்? மொதல்ல எடுத்த நாலுதான் படத்துக்காவ. நாலு தடவ நடக்க வெச்சாம்லா, அதுக்குப் பெறவு எடுத்ததெல்லாம் அவனுக்காவ. ஒவ்வொண்ணு எடுக்கும்போதும் அவன் மூஞ்சியத்தான் நெனச்சுக்கிட்டு எடுத்தேன். கெளவன் ஆபீச மூடுத வரைக்கும் எடுத்தேன்."

நூற்றுச் சொச்சம் லேபில். எத்தனை சின்ன வயதிலிருந்து நான் அந்த நோட்டைப் புரட்டியிருக்கிறேன். கிளியையும் மானையும் பார்த்தேனே தவிர, என்ன புத்தகம் படிக்கிறேன் என்று தெரியாமலே இருந்திருக்கிறேன்.

ஐப்பசியில் மழை பிடித்தது. கரிசல் ஊறி, செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிற மழை. பூட்டிக் கிடந்த அறையில் சுவரில் ஓதம் ஏறியது. கார்த்திகையில் வெளியூரிலிருந்து யாரோ பெரிய ஆட்கள் கண்காட்சியைப் பார்க்க வருகிறார்கள் என்று தலைவர் அவர்களை அழைத்துக்கொண்டு போய்க் கதவைத் திறந்திருக்கிறார். நான் போகவில்லை. போயிருந்தால் முகத்தை வைத்துக்கொள்ளத் தெரிந்திருக்காது. பார்த்தவர்கள் கடைக்கு வந்து சொன்னார்கள். சட்டம் முழுக்கச் சல்லடையாம். கண்ணாடிக்குள் கரப்பான்கள் குடும்பத்தோடு இருந்தனவாம். மேலே பித்தளைப் பலகை மட்டும் துடைத்து வைத்தது போல் பளபளவென்று, தேடித்தேடிச் சேகரித்த கலை உள்ளம் என்று இருந்ததாம். எனக்கு இரண்டு நாள் நல்ல பசி.

மூன்றாம் நாள் போன் வந்தது. அம்மா பக்கத்தில் இருந்தாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

"எல்லாம் பூச்சி அரிச்சுப்போச்சும்மா. பசையில ஏதோ கோளாறு."

"லிஸ்ட்ல மயில்துத்தம் எழுதியிருந்தேன் அண்ணாச்சி. நீங்கதான் செவப்பு மையில அடிச்சிய. சீட்டு எங்கிட்டதான் இருக்கு, வேணும்னா ஜெராக்ஸ் எடுத்துத் தாரேன்."

அவர் குரல் இறங்கி வந்தது. "அத விடும்மா. உங்கம்மா அந்தக் காலத்துல நெறையச் சேத்து வெச்சிருந்தாங்கள்ல? அவங்ககிட்ட இன்னும் ஏதாவது இருக்குமா? கேட்டுப் பாரேன்."

உங்கம்மா சேர்த்து வைத்திருந்தார்கள். ஒரு வருடத்துக்கு முன்னால் இந்த ஒரு வாக்கியத்தைப் பலகையில் எழுதியிருந்தால் போதும், காலம் முழுக்க அவருக்குக் கை தட்டியிருப்பேன். அம்மாவைப் பார்த்தேன். அவள் கட்டைவிரல் மடியில் எதையோ நீவிக்கொண்டிருந்தது.

"இருக்குன்னு சொல்லு" என்றாள். "வந்து பாத்துட்டுப் போகச் சொல்லு. போகும்போது நம்ம வாசல்ல நின்னு, தோள்துண்ட எடுத்து, நல்லா ஒதறிக் காட்டிட்டுப் போகச் சொல்லு."

நான் ஒரு வார்த்தை மாற்றாமல் அப்படியே சொன்னேன், கடைசியில் அண்ணாச்சி மட்டும் சேர்த்து. அவர் போனை வைத்துவிட்டார்.

இது நடந்து மூன்று மாதம் ஆகிறது. அம்மா தினமும் சாயங்காலம் நாற்காலியை வாசலைப் பார்த்துத் திருப்பிப் போடச் சொல்லி உட்கார்ந்திருக்கிறாள்.